லக்கோனியா மூழ்கிய இரவும் ஹார்ட்டன்ஸ்டைனின் நான்கு நாட்களும்

1942 செப்டம்பர் 13 விடியற்காலையில் தெற்கு அட்லாண்டிக் கடலிலிருந்து ஒரு வானொலிச் செய்தி கிளம்பியது. சங்கேத மொழி கிடையாது. 25 மீட்டர் அலைவரிசையில், யார் காதில் வேண்டுமானாலும் விழும்படி, எளிய ஆங்கிலத்தில் இருந்தது. மூழ்கிய லக்கோனியா கப்பலின் ஆட்களுக்கு உதவ எந்தக் கப்பல் வந்தாலும் அதைத் தாக்க மாட்டேன். கப்பலோ விமானமோ என்னைத் தாக்காதவரை இந்த வாக்கு நிற்கும். இதுவரை 193 பேரை ஏற்றியிருக்கிறேன். கூடவே இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும். கடைசியில் கையெழுத்து மாதிரி, ஜெர்மன் நீர்மூழ்கி.

அனுப்பியவர் யு-156 என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தளபதி வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன். லக்கோனியாவை மூழ்கடித்ததும் அவரேதான், முந்தைய இரவு.

நீர்மூழ்கிக்கு இருக்கும் ஒரே உண்மையான கவசம், அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியாமல் இருப்பது. அந்தக் கவசத்தை ஹார்ட்டன்ஸ்டைன் தானாகவே கழற்றி வைத்தார். அதனால் அவரைப் பற்றி இரண்டு விதமான கதைகள் வளர்ந்தன. ஹிட்லரின் கடற்படையிலும் ஒரு நல்லவர் இருந்தார் என்பது ஒன்று. தண்ணீரில் தத்தளித்தவர்கள் ஜெர்மனியின் கூட்டாளிகளான இத்தாலியர்கள், அதனால்தான் காப்பாற்றினார் என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த நான்கு நாட்களில் நடந்ததை இரண்டுமே சரியாக விளக்கவில்லை. அதற்கு அவருடைய போர்க்கால வாழ்க்கையையும், அந்த வானொலிச் செய்தி யார் யார் கைகளுக்குப் போனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹார்ட்டன்ஸ்டைன் 1908 பிப்ரவரி 27 அன்று சாக்சனி மாநிலத்தின் பிளாவன் ஊரில் பிறந்தார். 1928-இல், அதாவது நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, கடற்படையில் சேர்ந்தார். நீர்மூழ்கிக்கு அவர் வந்தது தாமதமாகத்தான். போர் தொடங்கியபோது யாகுவார் என்ற டார்பிடோ படகில் தளபதி. 1941 மார்ச்சில்தான் நீர்மூழ்கிப் பிரிவுக்கு மாறினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரேமன் நகரின் ஏஜி வேசர் தளத்தில் கட்டிய யு-156 அவர் பொறுப்புக்கு வந்தது. அப்போது வயது 33. முப்பதைத் தொடாத தளபதிகள் நிறைய இருந்த அந்தப் பிரிவில் அவர் மூத்தவர்.

யு-156 ஒன்பது-சி வகையைச் சேர்ந்தது. நீளம் கிட்டத்தட்ட 77 மீட்டர், உள்ளே ஐம்பது பேர் போல. கொண்டுபோகும் டார்பிடோக்கள் 22. எரிபொருள் நிரப்பாமலே அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் வேட்டையாடித் திரும்பக்கூடிய நெடுந்தூரக் கப்பல் அது. ஆனாலும் அக்காலத்து நீர்மூழ்கிகளைப் பற்றி ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான நேரம் அவை மேற்பரப்பில்தான் ஓடின. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அடியில் போனால் மின்கலத்தில் ஊர்ந்துதான் போக முடியும். ஆபத்து வந்தால் சில விநாடிகளில் மூழ்கிவிட முடியும் என்பதே பிழைக்கும் வழி. மேல்தளத்தில் ஆட்கள் நிறைந்து, பின்னால் படகுகளையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

அவருடைய முதல் பெரிய வேலை கரீபியனில். வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிப் பக்கமிருந்து சிறிய எண்ணெய்க் கப்பல்கள் கச்சா எண்ணெயை அரூபா, குரசாவ் தீவுகளுக்குக் கொண்டுவரும். அங்கே சுத்திகரித்த பெட்ரோலை நம்பித்தான் நேச நாடுகளின் விமானங்களும் வண்டிகளும் ஓடின. 1942 பிப்ரவரி 16 நள்ளிரவுக்குப் பிறகு யு-156 அரூபாவின் சான் நிக்கோலஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. கரையில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. போர் அந்தப் பக்கம் வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பெடர்னாலஸ், ஒரான்யெஸ்டாட் என்ற இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் டார்பிடோ பட்டுத் தீப்பிடித்தன. அடுத்து கரையில் இருந்த லாகோ சுத்திகரிப்பு ஆலையை மேல்தளத்து 10.5 செ.மீ. பீரங்கியால் சுடுவது திட்டம்.

அங்கே ஒரு சின்ன மறதி. கடல்நீர் புகாமல் இருக்கப் பீரங்கி வாயில் ஒரு அடைப்பு வைத்திருப்பார்கள். அதை எடுக்காமலே சுட்டுவிட்டார்கள். குண்டு குழாய்க்குள்ளேயே வெடித்தது. ஒரு மாலுமி இறந்தார். பீரங்கிப் பொறுப்பு அதிகாரியின் கால் சிதைந்தது. சிறிய துப்பாக்கியால் சுட்டதில் ஆலைக்குச் சொல்லும்படி சேதம் இல்லை. இந்த ஒரு தவறு நடக்காமல், அந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்திருந்தால் நேச நாடுகளின் எரிபொருள் வரத்து அந்த மாதமே தடுமாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கப்புறம் ஹார்ட்டன்ஸ்டைன் செய்த இரண்டு காரியங்கள் அவருடைய குணத்தைக் காட்டுகின்றன. காயம்பட்ட அதிகாரியை விஷி பிரான்சின், அதாவது ஜெர்மனியிடம் தோற்றபின் அதனோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசின், ஆட்சியில் இருந்த மார்ட்டினிக் தீவில் இறக்கிவிட்டார். கப்பலில் வைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பது கடினம். இரண்டாவது, முனை வெடித்துப் பிளந்த பீரங்கிக் குழாயைக் கைரம்பத்தால் அறுக்கச் சொன்னார். நடுக்கடலில், உருக்குக் குழாயை, மாலுமிகள் மாறி மாறி அறுத்தார்கள். குட்டையான அந்தப் பீரங்கியை வைத்தே மாத முடிவில் மெக்கிரிகர், ஓரிகன் என்ற இரண்டு கப்பல்களை மூழ்கடித்தார். எடுத்ததை விடாத ஆள்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை மறுபடி கரீபியன். அந்த ஒரு பயணத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் போயின. மே 25 அன்று மார்ட்டினிக் அருகே பிளேக்லி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் முன்பகுதியையே டார்பிடோ பிய்த்துவிட்டது. அந்தக் கோடையில் அமெரிக்கக் கடற்கரையிலும் கரீபியனிலும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் தனித்தனியாக வந்த வணிகக் கப்பல்கள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பின்னால் எண்ணெயில் எரிந்த, படகில் வாடிய மாலுமிகள் இருந்தார்கள். ஹார்ட்டன்ஸ்டைனின் கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது. லக்கோனியாவுக்கு வந்தபோது அவர் கைதேர்ந்த வேட்டைக்காரர்.

1942 ஆகஸ்டில் 'பனிக்கரடி' என்று பெயரிட்ட குழுவோடு கேப் டவுன் நோக்கிக் கிளம்பினார். தென்னாப்பிரிக்காவைச் சுற்றிவரும் கப்பல் போக்குவரத்தை எதிர்பாராமல் தாக்குவதுதான் நோக்கம். வழியில், செப்டம்பர் 12 மாலை, அசென்ஷன் தீவுக்கு வடகிழக்கே ஒரு பெரிய கப்பல் தென்பட்டது. குனார்ட் நிறுவனத்தின் பழைய பயணிக் கப்பல் லக்கோனியா. கிட்டத்தட்ட 20,000 டன். இப்போது துருப்புகளை ஏற்றும் கப்பல். பீரங்கிகள் உண்டு, விளக்கில்லாமல் ஓடியது. அதனால் அன்றைய போர் வழக்கப்படி அதைத் தாக்கியதில் சட்டக் கேள்வி பெரிதாக எழவில்லை. இரவு பத்து மணியைத் தாண்டியதும் இரண்டு டார்பிடோக்கள் பாய்ந்தன.

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. சுமார் 2,700 பேர் இருந்தார்கள். அதில் ஏறத்தாழ 1,800 பேர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள், கப்பலின் அடித்தளங்களில் அடைக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் காவல் போலந்து வீரர்கள். மற்றவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தினர், மாலுமிகள், ஊர் திரும்பும் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளும் உண்டு. கப்பலின் கேப்டன் ருடால்ஃப் ஷார்ப், 1940 ஜூனில் பிரான்ஸ் கரையோரம் மூழ்கிய லங்காஸ்ட்ரியாவின் கேப்டனாகவும் இருந்தவர். அந்தப் பேரழிவில் பிழைத்தவர் இதில் பிழைக்கவில்லை. கைதிகள் இருந்த அறைகளின் கதவுகள் திறக்கப்படவில்லை என்றும், முட்டி மோதி வெளியே வந்தவர்களைக் காவலர்கள் துப்பாக்கி முனைக் கத்தியால் தடுத்தார்கள் என்றும் பிழைத்தவர்கள் பின்னால் சாட்சி சொன்னார்கள்.

கேப்டனையும் எஞ்சினியரையும் பிடித்து விசாரிப்பது நீர்மூழ்கிகளின் வழக்கம். அதற்காக யு-156 பக்கத்தில் போனபோது இருட்டில் இத்தாலிய மொழியில் உதவி கேட்டு அலறும் குரல்கள் வந்தன. ஹார்ட்டன்ஸ்டைனுக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. ஆட்களைத் தூக்கத் தொடங்கினார். நள்ளிரவு தாண்டி பாரிசில் இருந்த நீர்மூழ்கித் தலைமையகத்துக்கு, ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தலைவர் டோனிட்ஸுக்கு, செய்தி அனுப்பினார்: பிரிட்டிஷ் கப்பல் லக்கோனியாவை மூழ்கடித்தேன், வருத்தத்துக்குரிய விதமாக 1,500 இத்தாலியக் கைதிகளோடு, இதுவரை 90 பேரை எடுத்திருக்கிறேன், உத்தரவு வேண்டும்.

கூட்டாளிகள் என்பதால் காப்பாற்றினார் என்ற வாதத்துக்கு இந்தச் செய்திதான் ஆதாரம். தொடக்கம் அப்படித்தான். டோனிட்ஸ் வேறு நீர்மூழ்கிகளை அந்த இடத்துக்குத் திருப்பியதற்கும் அரசியல் காரணம் இருந்தது. நூற்றுக்கணக்கான இத்தாலியர்களை ஜெர்மானியர்களே கொன்றார்கள் என்று ரோமில் பேச்சு வந்தால் நல்லதில்லை. ஆனால் சில மணி நேரத்தில் அனுப்பிய அடுத்த செய்தியைப் பாருங்கள். கப்பலில் 193 பேர், அதில் 21 பேர் ஆங்கிலேயர். நூற்றுக்கணக்கானோர் மிதவைச் சட்டையோடு மிதக்கிறார்கள். கப்பல் மூழ்கிய இடத்தை ராஜதந்திர வழியில் நடுநிலைப் பகுதியாக அறிவிக்க ஏற்பாடு செய்யலாமா என்று கேட்கிறார்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தன் ஒருவரால் இது முடியாது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எதிரி ஒத்துக்கொண்டால்தான் இது நடக்கும். பெர்லின் அந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலேயர்களிடம் எந்த வழியிலும் பேசவில்லை. கேப் டவுன் தாக்குதல் கெடக் கூடாது, நீர்மூழ்கிகள் ஆபத்தில் மாட்டக் கூடாது என்பதே ஹிட்லரின் கவலை. மேலிருந்து யாரும் பேசாததால்தான் காலை ஆறு மணிக்கு ஹார்ட்டன்ஸ்டைன் தானே ஆங்கிலத்தில் பேசினார்.

மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இருந்த ஆங்கிலேயர்கள் அந்தச் செய்தியை நம்பவில்லை. பொறி வைக்கிறார்கள் என்று எண்ணினார்கள். மூன்று ஆண்டுகளாக நீர்மூழ்கிகளிடம் கப்பல்களை இழந்தவர்கள் அப்படி நினைத்ததைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது வேறு. அசென்ஷனில் இருந்த அமெரிக்கர்களிடம் லக்கோனியா மூழ்கியது, மீட்க ஒரு வணிகக் கப்பல் போகிறது, விமானத் துணை வேண்டும் என்று மட்டும் தகவல் போனது. ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, தாக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது என்ற பாதி, வழியிலேயே நின்றுவிட்டது.

இதற்கிடையில் கடலில் வேலை நடந்துகொண்டிருந்தது. யு-156 தூக்கியவர்கள் கிட்டத்தட்ட 400 பேர். பாதிப் பேரை உயிர்காப்புப் படகுகளில் பிரித்து ஏற்றி, தண்ணீர் புகுந்த படகுகளை இறைத்து, சிதறியவற்றை ஒன்றுசேர்த்து, சூடான சூப்பும் காப்பியும் கொடுத்தார்கள். பெண்களுக்கு மாலுமிகள் தங்கள் படுக்கையைக் கொடுத்தார்கள். செப்டம்பர் 15 அன்று வூர்டமனின் யு-506 வந்தது. அடுத்து ஷாக்டின் யு-507, ரெவெடினின் இத்தாலிய நீர்மூழ்கி கப்பெல்லினி. விஷி பிரான்சும் டாக்கரிலிருந்து குளோர் என்ற போர்க்கப்பலையும், வேறு துறைமுகங்களிலிருந்து இரண்டு சிறிய கப்பல்களையும் அனுப்பியது. ஷாக்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மாதத்துக்கு முன்புதான் அவர் பிரேசில் கரையோரம் வரிசையாகக் கப்பல்களை மூழ்கடித்து, அந்த நாட்டையே போருக்குள் இழுத்துவிட்டிருந்தார். அதே மனிதர் இப்போது ஆங்கிலேயக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

16-ஆம் தேதி முற்பகல் பதினொன்றரை மணி வாக்கில் ஒரு அமெரிக்க லிபரேட்டர் விமானம் யு-156-ஐக் கண்டது. நீர்மூழ்கி நான்கு படகுகளை இழுத்துக்கொண்டிருந்தது, மேல்தளத்தில் ஆட்கள். ஹார்ட்டன்ஸ்டைன் இரண்டு மீட்டர் அகலத்தில் ஒரு செஞ்சிலுவைக் கொடியை விரிக்கச் சொன்னார். மீட்கப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவர் விளக்குச் சமிக்ஞையால், லக்கோனியாவில் பிழைத்தவர்கள் இங்கே இருக்கிறோம், பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று விமானத்துக்குச் சொன்னார். விமானம் விலகிப்போய் அசென்ஷனைக் கேட்டது.

அசென்ஷன் அப்போது ரகசியமான இடம். ஆப்பிரிக்காவுக்குப் போகும் அமெரிக்க விமானங்கள் இறங்கி எரிபொருள் நிரப்ப அங்கே ஓடுதளம் போட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பொறுப்பில் இருந்த அதிகாரி ராபர்ட் ரிச்சர்ட்சன், வயதில் இளையவர். ஜெர்மன் வாக்குறுதி அவருக்குத் தெரியாது. நீர்மூழ்கி தீவை நெருங்கினால் ஓடுதளம் போய்விடும், மீட்க வரும் கப்பலும் போய்விடும் என்ற பயம். உத்தரவு சுருக்கமாக வந்தது: மூழ்கடியுங்கள்.

கொடி தெரிந்த பிறகும், அதில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் வந்த உத்தரவு இது. போர்க்கப்பல் செஞ்சிலுவைக் கொடியைக் காட்டினாலே சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது என்பது உண்மைதான். அதைச் சொல்லித்தான் பின்னால் நியாயப்படுத்தினார்கள். ஆனால் சட்டம் அனுமதித்தது என்பதும் செய்யத்தான் வேண்டியிருந்தது என்பதும் ஒன்றில்லை. அந்தப் படகுகளில் இருந்தவர்களில் பலர் அமெரிக்காவின் சொந்தக் கூட்டணியைச் சேர்ந்தவர்கள்.

ஒரு மணி நேரம் கழித்து விமானம் திரும்பி வந்தது. ஒரு குண்டு படகுகளுக்கு நடுவே விழுந்து பலரைக் கொன்றது. ஹார்ட்டன்ஸ்டைன் படகுக் கயிறுகளை அறுக்கச் சொன்னார். ஒரு குண்டு அடியில் வெடித்து மின்கல அறையில் சேதம். மேல்தளத்திலும் உள்ளேயும் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லிவிட்டு மூழ்கினார். மீட்ட கையாலேயே மறுபடி கடலில் விட வேண்டியிருந்தது. விமானம் நீர்மூழ்கியை அழித்துவிட்டதாக அறிவித்தது. விமானக் குழுவுக்குப் பதக்கங்கள் கிடைத்தன.

மற்ற நீர்மூழ்கிகள் வேலையை நிறுத்தவில்லை. மறுநாள் யு-506 மீதும் விமானம் வந்து குண்டு போட்டது. உள்ளே மீட்கப்பட்டவர்களை வைத்துக்கொண்டே அது மூழ்கித் தப்பியது. 17-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து ஆட்களை வாங்கிக்கொண்டன. மொத்தத்தில் பிழைத்தவர்கள் சுமார் 1,100 பேர். இறந்தவர்கள் 1,600-க்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் அந்த இத்தாலியக் கைதிகள். பிரெஞ்சுக்காரர்களின் கண்ணில் படாத இரண்டு படகுகள் தனியே மிதந்தன. ஒன்று 27 நாள் கழித்து லைபீரியா கரையில் ஒதுங்கியது. புறப்பட்ட 68 பேரில் 16 பேர் உயிரோடு இருந்தார்கள். இன்னொன்றை 40-ஆம் நாள் ஒரு பிரிட்டிஷ் கப்பல் கண்டது. 52 பேரில் நான்கு பேர்.

அதே செப்டம்பர் 17-இல் பாரிசிலிருந்து இரண்டு விஷயங்கள் புறப்பட்டன. ஒன்று ஹார்ட்டன்ஸ்டைனுக்கு: நைட்ஸ் கிராஸ் விருது, மூழ்கடித்த டன் கணக்குக்காக. மற்றது எல்லாத் தளபதிகளுக்கும்: மூழ்கிய கப்பலின் ஆட்களைக் காப்பாற்றும் எந்த முயற்சியும் கூடாது, தண்ணீரில் இருப்பவரைத் தூக்குவது, கவிழ்ந்த படகை நிமிர்த்துவது, உணவோ தண்ணீரோ கொடுப்பது எதுவும் கூடாது, கடுமையாக இருங்கள், ஜெர்மன் நகரங்கள் மேல் குண்டு போடும் எதிரி பெண்களையும் குழந்தைகளையும் பார்ப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். லக்கோனியா உத்தரவு என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான்.

அமெரிக்கக் குண்டுதான் இந்த உத்தரவைப் பிறப்பித்தது என்று சொல்வது வழக்கம். நான் அதை அப்படியே ஏற்கவில்லை. 1939 இறுதியிலேயே டோனிட்ஸ் 154 என்ற எண்ணிட்ட நிலை உத்தரவில் யாரையும் காப்பாற்ற வேண்டாம், படகுகளைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தார். இடையில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பல தளபதிகள் படகில் இருப்பவர்களுக்குத் தண்ணீரும் திசையும் சொல்லி அனுப்பினார்கள். லக்கோனியா டோனிட்ஸுக்கு அந்தத் தளர்வை முடித்துவைக்க ஒரு காரணத்தைக் கொடுத்தது. ஒருவேளை விமானம் வராமல் போயிருந்தாலும், ஹார்ட்டன்ஸ்டைன் மாதிரி இன்னொருவர் மறுபடி முயல்வதை அந்தத் தலைமையகம் விரும்பியிருக்காது.

1946-இல், நாஜித் தலைவர்களின் போர்க்குற்றங்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் இந்த உத்தரவு டோனிட்ஸுக்கு எதிரான முக்கிய ஆவணம். தப்பியவர்களைக் கொல்லச் சொல்லும் மறைமுக ஆணை இது என்றது அரசுத் தரப்பு. 1944 மார்ச்சில் பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, மிதவைகளில் இருந்தவர்களைச் சுட்ட ஹைன்ஸ் எக் என்ற தளபதிக்கு ஏற்கெனவே மரண தண்டனை நிறைவேறியிருந்தது. டோனிட்ஸின் வழக்கறிஞர் கிரான்ஸ்பூலர் அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்குக் கேள்விகள் அனுப்பினார். பசிபிக்கில் அமெரிக்காவும் முதல் நாளிலிருந்தே கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர்தான் நடத்தியது என்று நிமிட்ஸ் நேர்மையாகவே எழுதிக் கொடுத்தார். உத்தரவு தெளிவற்றது, கடும் கண்டனத்துக்கு உரியது, ஆனால் வேண்டுமென்றே கொல்லச் சொன்னதாக உறுதியாக நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. மற்றக் குற்றங்களுக்காக டோனிட்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை.

இதையெல்லாம் பார்க்க ஹார்ட்டன்ஸ்டைன் இல்லை. சேதத்தைச் சரிசெய்துகொண்டு, விருது அறிவித்த இரண்டாம் நாளே, செப்டம்பர் 19 அன்று, க்யூபெக் சிட்டி என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். வேலை தொடர்ந்தது. நவம்பரில் பிரான்சில் இருந்த நீர்மூழ்கித் தளமான லோரியானுக்குத் திரும்பினார். மொத்தக் கணக்கு 20 கப்பல்கள், ஏறத்தாழ 97,500 டன். 1943 ஜனவரியில் மறுபடி கரீபியன் பக்கம் அனுப்பினார்கள். ஆனால் கரீபியன் இப்போது பழைய கரீபியன் இல்லை. ரேடார் பொருத்திய விமானங்கள் வானில் சுற்றிக்கொண்டிருந்தன.

மார்ச் 8 அன்று பார்படாசுக்குக் கிழக்கே, மேற்பரப்பில் இருந்த யு-156-ஐ அமெரிக்கக் கடற்படையின் கேட்டலினா விமானம் ஒன்று பிடித்தது. குண்டுகள் கப்பலை உடைத்தன. தண்ணீரில் பதினோரு பேர் போல மிதப்பதை விமானத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மேலே சுற்றி வந்து ரப்பர் மிதவைகளையும் உணவுப் பொட்டலங்களையும் போட்டார்கள். சிலர் மிதவையில் ஏறியதும் தெரிந்தது. பார்னி என்ற போர்க்கப்பல் அந்த இடத்துக்குப் போய் மார்ச் 12 வரை தேடியது. 53 பேரில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.